அந்தமானில் பதினெட்டு நாள்

ஜனவரி 19, ஞாயிறு

இன்று காலை பத்தரை மணிக்கு, புளிக்குழம்பு தாளித்துக்கொண்டிருந்தபோது, நான் அந்தமான் போவது முடிவாகிவிட்டது. எனக்கே அப்போதுதான் தெரியும்.

அத்தை கூடத்தில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டே, "பிப்ரவரில பதினெட்டு நாள் ஊருல இருக்க மாட்டீங்களாமா? எங்கடா போறீங்க?" என்று இவரிடம் கேட்டார். சென்னை என்று சொன்னால் சென்னையில் எங்கே, யார் வீட்டில், எதற்கு என்று வரிசையாகக் கேள்வி வரும். அதற்குப் பயந்த மனுஷன், எதிரே டிவியில் நீலமாக ஏதோ ஓடியதைப் பார்த்துவிட்டு, "அந்தமானும்மா. அங்க ரிசார்ட்டுக்கெல்லாம் பெட்ஷீட் கேட்டிருக்காங்க. அப்படியே வசுவையும் கூட்டிட்டுப் போயி சுத்திக் காட்டலாம்னு" என்று அடித்துவிட்டார். பன்னிரண்டு தறி வைத்து பெட்ஷீட் நெய்கிற குடும்பம் எங்களுடையது. சென்னிமலையில் யாரும் இதை நம்பாமல் இருக்க முடியாது.

உண்மையை இங்கேயாவது எழுதிவைக்கிறேன். டிசம்பரில் ஒரு கல்யாணச் சாக்கில் சென்னை போய் சிகிச்சையின் முதல் பாதியை முடித்துவிட்டு வந்தோம். எங்கள் கரு இரண்டு அந்த ஆஸ்பத்திரியில் உறைய வைக்கப்பட்டிருக்கிறது. பிப்ரவரியில் அவற்றை உள்ளே வைப்பார்கள். அதற்குப் பிறகு பதிமூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை. எனக்கு முப்பத்தெட்டு வயது, கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், இது மூன்றாவது தடவை. நான்காவது கிடையாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார், நானும் சொல்லிவிட்டேன்.

ஏன் ஒளிக்க வேண்டும் என்றால், அத்தைக்கு வாயில் ஒரு சொல் நிற்காது. போன தடவை ஈரோட்டில் வைத்தபோது, மறுநாளே மலைக்குப் போய்ப் படி பூஜை செய்து, அதை இருபது வீட்டுக்குச் சொல்லிவிட்டார். ஒன்றுமில்லை என்று ஆனதும் அதே இருபது வீட்டிலிருந்தும் ஆப்பிள் பையோடு வந்து உட்கார்ந்தார்கள். "எதனால தங்கலையாமா?" என்று கேட்டார்கள். நான் ஒவ்வொருத்தருக்கும் காபி போட்டுக் கொடுத்தேன். இன்னொரு தடவை அந்தக் காபியை என்னால் போட முடியாது.

ஜனவரி 23, வியாழன்

ஆபீஸில் லீவு கேட்டேன். "பதினெட்டு நாளா? தீவையே வெலை பேசி முடிச்சுட்டு வரப் போறீங்களாம்மா?" என்றார் மேனேஜர். கொடுத்துவிட்டார்.

ஜனவரி 26, ஞாயிறு

நான் ஏற்றுமதி அலுவலகத்தில் கப்பல் சரக்குக்குக் காகிதம் தயாரிக்கிறவள். பொய்யாகவே இருந்தாலும் காகிதம் சரியாக இருக்க வேண்டும். இந்த ஒரு வாரமாக ராத்திரிச் சாப்பாடு ஆனதும் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, நாள்வாரியாக எழுதிவிட்டேன். முதல் இரண்டு நாள் போர்ட் பிளேர், சிறைச்சாலை. பிறகு படகில் ஹேவ்லாக். ராதாநகர் கடற்கரை. கடைசி வாரம் நீல் தீவு. அங்கே செல்போன் சரியாக எடுக்காதாம். அது நமக்கு ரொம்ப சௌகரியம்.

தேடத் தேட, எந்தக் கடற்கரையில் எந்த நேரம் தண்ணீர் வற்றும், எங்கே மரம் கடல் மேலேயே சாய்ந்து நிற்கும் என்பதெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. பொய்க்குத் தேவையானது அதில் கால்வாசிகூட இல்லை. "இன்னுமா பாக்கறே?" என்றார் இவர். யாராவது கேட்டால் சொல்லத் தெரிய வேண்டாமா என்றேன்.

இவ்வளவு கச்சிதமாக முடித்த பிறகு, இன்று மத்தியானம் அத்தை ஒரு குண்டைப் போட்டார். "நம்ம சென்னியப்பன் போர்ட் பிளேர்லதான கண்ணு இருக்கான். ஹார்டுவேர் கடை வெச்சு இருபது வருசம் ஆச்சு. நேத்துப் போன் பண்ணிச் சொல்லிப்போட்டேன். ஏர்போர்ட்டுக்கே வந்துருவான்."

சென்னியப்பன், அத்தையின் ஒன்றுவிட்ட அண்ணன் மகன். உலகத்தில் எத்தனையோ தீவு இருக்க, இவர் வாயில் சொந்தக்காரன் இருக்கிற தீவா வர வேண்டும்? இவரைப் பார்த்தேன். இவர் தறிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பெட்டி கட்டியாகிவிட்டது. மாத்திரை, ஊசி எல்லாம் கீழே, அதன் மேல் பூப்போட்ட சுடிதார்கள். இவருடைய அக்கா லோகநாயகி, எங்கள் வழக்கப்படி எனக்கு நங்கை, முத்துமாலை வேண்டும் என்றார். அவர் மகளுக்குச் சங்கு வேண்டுமாம், ஊதினால் சத்தம் வர வேண்டுமாம். அத்தை சென்னியப்பனுக்கென்று நிலக்கடலை உருண்டை இரண்டு கிலோ, கொள்ளுப்பொடி, செக்கு எண்ணெய் எல்லாம் கட்டி வைத்திருக்கிறார்.

ஈரோட்டில் ஒரு தொப்பி வாங்கினேன். அகலமாக, வெயில் முகத்தில் படாத மாதிரி. "பொய்க்கு எதுக்குத் தொப்பி?" என்றார் இவர். தொப்பியைப் பெட்டியில் மேலாக வைத்தேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

சென்னை. ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அறை, மாடியில். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு மின்சார அடுப்பு. ஏறும்போதே இவர் சென்னியப்பனுக்குப் போன் போட்டார். நான் ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னேன்.

"மச்சான், நாங்க அந்தமான் வரலைங்க. ஆனா வந்ததா அம்மா நெனைச்சுட்டு இருக்கறாங்க. நீங்க அப்படியே..."

"சரிங்க மாப்ளே. ஏன்னு கேக்கலை. உங்க ரெண்டு பேருக்கும் நல்லதுதான?"

"நல்லது நடக்கோணும்னுதான் மச்சான்."

"அப்ப நடக்கும். போட்டோ வேணுமில்ல? நான் அனுப்பறேன்."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆளுக்கு இரண்டு கடலை உருண்டை தின்றோம். இனிப்பு சரியாக இருக்கிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

வைத்துவிட்டார்கள். வலி இல்லை. தலைப்பக்கம் இருந்த திரையில் இரண்டு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. "பாத்துக்கோங்க, அதுதான்" என்றார் டாக்டர். பார்த்துக்கொண்டேன். ஒரு நிமிஷம் இருக்கும்.

திட்டப்படி இன்று நாங்கள் ஹேவ்லாக் படகில். "அலை ஜாஸ்தியா இருக்குதுங்கம்மா, அப்புறம் பேசறேன்" என்று இவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பொய்யில் தேறிவிட்டார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சென்னியப்பன் அண்ணனிடமிருந்து சாயங்காலம் ஏழு போட்டோ, ஒரு வீடியோ. கூடவே குரல் பதிவு.

"அம்மிணி, இன்னிக்கு நீங்க ராதாநகர் பீச்சுல இருக்கறீங்க. மத்தியானம் மீன் சாப்பிட்டீங்க, காரம் பத்தலை. மோகனுக்குக் கால்ல சிப்பி கிழிச்சுருச்சு, பெருசா ஒண்ணுமில்ல. இங்க சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் இருட்டிரும், அதைய மனசுல வெச்சுக்குங்க."

அந்த மனிதர் கடையைப் பூட்டிவிட்டு இரண்டரை மணி நேரம் படகில் போய் எடுத்திருக்கிறார். எதற்கு என்று இன்னும் கேட்கவில்லை. இவர் போட்டோக்களைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டு, காலில் ஒரு பிளாஸ்டரையும் ஒட்டிக்கொண்டார்.

வீடியோ நாற்பது வினாடி. ஆள் இல்லை. அலை வருகிறது, போகிறது. அதைப் பலதடவை போட்டுப் பார்த்தேன். இவர் தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். "சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வையி" என்றார், கண்ணைத் திறக்காமல்.

பிப்ரவரி 12, புதன்

மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு நங்கை வீடியோவில் கூப்பிட, யோசிக்காமல் ஜன்னல் பக்கத்தில் நின்றே எடுத்துவிட்டேன். முகத்தில் வெயில். கால் மணி நேரம் முன்புதான், "இருட்டிருச்சு, ரூமுக்கு வந்துட்டோம்" என்று இவர் எழுதியிருந்தார்.

"ஏன் வசு, இருட்டிருச்சுன்னு தம்பி போட்டிருந்தானே?" என்றார் நங்கை.

"இது ரூம் லைட்டுங்க நங்கை. ரிசார்ட்டுல லைட்டெல்லாம் இப்படித்தான், பளிச்சுனு."

"அதானே. காசு வாங்கறானில்ல" என்றார். பின்னால் அத்தையின் குரல், "கடல்ல எறங்குனாளா கேளு. பயந்துக்க வேண்டாம்னு சொல்லு."

இறங்கினேன் என்று சொன்னேன். இடுப்பளவு தண்ணீர், இளம் சூடாக இருந்தது என்றேன். சொல்லும்போது எனக்கே இடுப்புவரை சூடு தெரிந்தது. போனை வைத்த பிறகு வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

ஊசி போட்ட இடமெல்லாம் கட்டி கட்டியாக இருக்கிறது. இவர் துணியைச் சூடுகாட்டி ஒத்தடம் கொடுத்தார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அந்தமானைப் பற்றியென்றால் மணிக்கணக்கில் பேசுகிறோம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சங்கு வாங்க இவர் இங்கே இருக்கிற கடற்கரைக்குப் போனார். மூன்று கிலோமீட்டர்தான். நானும் வருகிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. நடக்கலாம், ஆட்டோவில்கூடப் போகலாம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். ஆனால் போய், ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், அந்த ஆட்டோவையே வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பேன். போகவில்லை.

முத்துமாலை, சங்கு, சிப்பி ஒட்டிய கண்ணாடி என்று வாங்கிக்கொண்டு திரும்பினார். பேண்ட் ஓரம் நனைந்திருந்தது. "கால் நனைச்சீங்களா மாமா?" என்றேன். "அலை வந்துருச்சு" என்றார், தப்புச் செய்தவர் மாதிரி. அந்தப் பேண்டைத் துவைக்கப் போடாமல் நாற்காலியில் காயப்போட்டேன். அறையில் உப்பு வாசம் இருக்கிறது.

எழுதிவிடுகிறேன், வேறு யார் படிக்கப் போகிறார்கள். எனக்கு அங்கே போக வேண்டும். நிஜமாகவே போக வேண்டும். பன்னிரண்டு வருஷமாக நான் நாளை எண்ணிக்கொண்டே இருக்கிறேன். இரண்டாம் நாள் ஸ்கேன், பன்னிரண்டாம் நாள் ஸ்கேன், இருபத்தெட்டாம் நாள் அழுகை. இவர் என்னைத் தொடுவதற்கும் காலண்டரில் நாள் குறித்துக் கொடுத்தார்கள். எந்த நாளும் எந்த நாளாகவும் இல்லாமல், இந்த மனிதரும் நானும் மணலில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வெயில் ஏறினால் நகர்ந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

பிள்ளையை விட இது பெரிதா என்று யாராவது கேட்டால்? கேட்க மாட்டார்கள். நானும் கேட்டுக்கொள்ளப் போவதில்லை.

அதுவுமில்லாமல், இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். நல்லபடியாக நடந்தால் அக்டோபர் கடைசியில் பிறக்கும். 2028 ஜனவரியில் இரண்டேகால் வயது. ஹேவ்லாக்கில் ஒரு கடற்கரையில் தண்ணீர் வற்றியதும் முழங்கால் ஆழம்தான் நிற்குமாம், அலையே இருக்காதாம். அங்கே விடலாம். இரட்டையாக இருந்தால் ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

திட்டப்படி நீல் தீவு. காலையில் லேசாகக் கறை. சில பேருக்கு அப்படி இருக்குமாம். இவரிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

பதினொன்றேகாலுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ரத்தத்தில் கர்ப்பம் காட்டுகிற அளவு ஒன்றுக்கும் கீழே. அந்தப் பெண் நல்ல பெண், "சாரி மேடம்" என்பதை இரண்டு தடவை சொன்னாள். மாத்திரையை நிறுத்திவிடலாமாம்.

இவர் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. வெளியே வந்து, "சரி விடு வசு" என்றார். கண் எப்படியிருந்தது என்று நான் பார்க்கவில்லை, பார்த்தால் இரண்டு பேராலும் முடியாது.

சாயங்காலம் சென்னியப்பன் அண்ணனிடமிருந்து ஒரு போட்டோ. சூரியன் இறங்குகிறது, தண்ணீரெல்லாம் செம்பு நிறம். "நாளைக்கு நீங்க கெளம்பறீங்க அம்மிணி. கடைசி நாளு, நல்லாப் பாத்துக்குங்க."

பார்த்துக்கொண்டேன்.

பிப்ரவரி 22, சனி

காலையில் ரயிலில் வந்து இறங்கினோம். இறங்கும் முன்பே, வீட்டில் நான் சிரித்த முகமாக இருக்க வேண்டுமே என்று முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டேன். துக்கத்தை ஒளிக்க இடம் பார்த்துப் பார்த்து, கடைசியில் சந்தோஷமாக இருந்தே தீர வேண்டிய ஒரு இடத்தில் கொண்டுபோய் ஒளித்திருக்கிறோம். இப்படி ஒரு கூமுட்டை வேலையை நாங்கள் இரண்டு பேரும்தான் செய்வோம்.

சாயங்காலம் கூடம் நிறைய ஆட்கள். நங்கை, அவர் மகள், எதிர்வீட்டு அக்கா, தறிக்கூடத்திலிருந்து நாலைந்து பேர். முத்துமாலை கை மாறி மாறிப் போனது. சங்கு ஊதப்பட்டது. "இப்பச் சொல்லு, எப்படி இருந்துச்சு?" என்று அத்தை எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். பாவாத்தாள் என்கிற என் மாமியார் இந்த அறுபத்தாறு வயதுவரை ராமேஸ்வரத்தைத் தாண்டி எங்கும் போனதில்லை.

சொன்னேன். கிட்டத்தில் தண்ணீர் பச்சை, அக்கட்ட நீலம். கால் வைத்தால் விரல் தெரியும். மரமெல்லாம் கடலைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். மணல் சுடாது, மாவு மாதிரி. ஆரம்பித்தது நிற்கவே இல்லை. இவர் கண்ணால் ஜாடை காட்டினார். நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். "ஒரு எடத்துல அலையே இருக்காதுங்கத்தை, முழங்கால் ஆழந்தான். சின்னக் குழந்தைங்ககூடப் பயமில்லாம எறங்கலாம். நாம கையப் பிடிச்சுக்கிட்டாப் போதும், ஒண்ணும் ஆகாது..."

எல்லார் முன்னாலும் தேம்பி அழுதேன்.

"அவ்வளவு அழகா இருந்துச்சா? ஊருக்கு வந்துட்டமேன்னு அழுகறா பாரு" என்றார் நங்கை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே எழுந்து அறைக்குள் வந்துவிட்டேன். அத்தை சிரித்த சத்தம் மட்டும் கேட்கவில்லை.

எல்லாரும் போன பிறகு அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "என்னாச்சு?"

"நாங்க அந்தமான் போகலீங்கத்தை."

ஒன்று விடாமல் சொன்னேன். சென்னை, டிசம்பர், இரண்டு புள்ளி, வியாழக்கிழமை போன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே கேட்டார். முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"பதினெட்டு நாளு. தெனமும் போன்ல கடல் எப்படிம்மா, அலை எப்படிம்மான்னு கிறுக்கச்சி மாதிரிக் கேட்டுட்டு இருந்திருக்கறேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலையா உங்களுக்கு?"

"போன தடவை எல்லாரும் வந்து..."

"தெரியும். என்ற வாயினால வந்தது அது." முறுக்கிய முந்தானையை விட்டார். பிறகு, "ரெண்டா?" என்றார்.

"ரெண்டுங்கத்தை."

எழுந்து போய்விட்டார். இனி ஒரு மாசம் என்னோடு பேச மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். புழக்கடைப் பக்கம் தண்ணீர் இறைக்கிற சத்தம். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"எந்திரி. தலைக்கு ஊத்திக்க."

"காலைலயே குளிச்சுட்டனுங்கத்தை."

"அது வேற. எழவைப் பாத்துட்டு வந்தவ இப்படியே ஊட்டுக்குள்ள உக்காந்திருக்கக் கூடாது. வா."

எழவு. மூன்று தடவையிலும் அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை. நெகட்டிவ் என்றார்கள், தங்கவில்லை என்றார்கள், அடுத்த தடவை என்றார்கள். யாரோ செத்துப்போனதாக ஒருவரும் சொல்லவில்லை. அதனால் எனக்கும் எப்படி அழுவது என்றே தெரியவில்லை.

துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தேன். அத்தையே செம்பால் மொண்டு மொண்டு ஊற்றினார். வெதுவெதுப்பான தண்ணீர். "அழுகோணும்னா அழு, இங்க ஆருமில்ல" என்றார். அழுதேன். வாய்விட்டு அழுதேன். அத்தையும் அழுதார், ஆனால் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

முடிந்ததும் ஈரத்தலையைத் துண்டால் சுற்றிவிட்டு, தறிக்கூடத்துப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "மோகனு, நீயும் வாடா. உனக்கும்தான்."

இவர் வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் கல்லின் மேல் உட்கார்ந்தார். முதல் செம்பு தலையில் விழுந்ததும் குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

பத்து மணி வரை தூங்கியிருக்கிறேன். யாரும் எழுப்பவில்லை. கூடத்தில் அத்தை போனில் பேசிக்கொண்டிருந்தார். நங்கை என்று நினைக்கிறேன். அதற்கு முன் வேறு யார் யாரோடு பேசினாரோ தெரியாது. வழக்கம்போல ஊர் முழுக்கப் போய்விட்டது என்று எனக்குப் பகீரென்றது. படுத்தபடியே காதைக் கொடுத்துக் கேட்டேன்.

"இல்ல கண்ணு, வர வேண்டாம்... ஒண்ணுமில்ல, அந்த ஊருத் தண்ணி ஒத்துக்கலை, படுத்திருக்கறா... ஆமா, ஆமா, நல்லா இருந்துச்சாமா. எங்கிட்ட ராத்திரியெல்லாம் சொன்னா. ரெண்டு பேரும் கையக் கோத்துட்டுப் போயி நின்னாங்களாமா. ரொம்ப அழகா இருந்துச்சாமா..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "விட்டுட்டு வரதுக்கு மனசே இல்லையாமா லோகு. அதனாலதான் அழுகறா. ஒரு வாரத்துக்கு ஆரும் வந்து ஒண்ணும் கேக்காதீங்க."

போனை வைத்துவிட்டு, அறைப்பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுப் போனார்.